பதினோரு அடி தள்ளி

புதுக் காரின் கதவில் நகம் பட்ட அளவுக்குக் கோடு விழுந்திருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. அதற்குத்தான் எனக்குச் சம்பளம். தடாவிலிருந்து சத்தியவேடு போகும் சாலையில், ஸ்ரீ சிட்டியை ஒட்டி, எங்கள் யார்டு இருக்கிறது. சென்னைப் பக்கத்துத் தொழிற்சாலைகளிலிருந்து வரும் கார்களை அங்கே வரிசை வரிசையாக நிறுத்திவைத்து, பிறகு நீளமான டிரெய்லர்களில் ஏற்றி வடக்கே அனுப்புவார்கள். ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு காரையும் நான் ஒரு சுற்று சுற்றிவந்து பார்த்து, கண்டதைச் சோதனைச் சீட்டில் எழுத வேண்டும். வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றால் எந்தக் கீறலும் தெரியாது. வெயிலைப் பக்கவாட்டில் வாங்கிக்கொண்டு நின்றால் எல்லாம் தெரியும். எங்கே நிற்பது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

அந்தக் கார்களை வரிசையிலிருந்து டிரெய்லர்வரை ஓட்டி வருபவன் சிரஞ்சீவி. என் மனைவி சிவசங்கரியின் அண்ணன். அந்த உறவு வருவதற்கு வெகுகாலம் முன்பே எனக்கு நண்பன். பிச்சாட்டூர் ஏரிக்கு மேற்கே இருக்கிறது எங்கள் ஊர். எங்கள் இரண்டு பேருடைய அப்பாக்களும் அடுத்தவர் நிலத்தில் கரும்பு வெட்டியவர்கள். கம்பெனி பஸ் முதன்முதலாக எங்கள் ஊர் முனைக்கு வந்து நின்றபோது முதலில் ஏறிய இருவர் நாங்கள்தாம்.

சிரஞ்சீவி ஒரு நாளைக்கு அறுபது எழுபது கார்களை ஓட்டுவான். ஒவ்வொன்றும் நானூறு மீட்டர். இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. சீட்டின் பிளாஸ்டிக் உறை கசங்கக் கூடாது. ஏழு வருடத்தில் லட்சத்துக்கும் மேலான புதுக் கார்களை ஓட்டியிருந்தான். அவற்றில் ஒன்றிலும் எந்த ஊருக்கும் போனதில்லை.

மழை நாட்களில் மட்டும் அவன் வேறு ஆளாக இருப்பான். யார்டின் கடைசித் திருப்பத்தில் கான்கிரீட் நனைந்து கண்ணாடிபோல் கிடக்கும். அங்கே வரும்போது கைப்பிரேக்கை ஒரே ஒரு முறை, விரல் சொடுக்குவதுபோல இழுத்து விடுவான். காரின் பின்பக்கம் ஒரு சாண் அளவு வழுக்கி, ஏதோ நினைவு வந்ததுபோல மறுபடியும் நேராகும். மேற்பார்வையாளருக்கு அது தெரியாது.

"இன்னா மச்சான், பாத்தியா?" என்று கண்ணாடியை இறக்கிக் கேட்பான்.

"பாத்தேன். சீட்டுல எழுதட்டுமா?"

"எழுது. டிரைவர் நல்லா ஓட்டறான்னு எழுது."

டிரிஃப்ட் என்றால் என்னவென்று அவன்தான் போனில் எனக்குக் காட்டினான். பந்தயம்தான், ஆனால் யார் முதலில் வருகிறார் என்ற கேள்வி இல்லாத பந்தயம். திருப்பத்தில் காரை வேண்டுமென்றே வழுக்கவிட்டு, மூக்குக்குப் பதிலாகக் கதவு முன்னால் போவதுபோலப் பக்கவாட்டிலேயே ஓட்ட வேண்டும். எவ்வளவு சாய்வாக, எவ்வளவு நடுங்காமல், குறித்த இடங்களை எவ்வளவு நெருங்கிப் போகிறான் என்று பார்த்து நடுவர்கள் மதிப்பெண் போடுவார்கள். ஏதோ வெளிநாட்டு மலைப்பாதையில் பனிமூட்டத்துக்குள் ஒரு வெள்ளைக் கார் அப்படிப் போவதை அவன் எத்தனை முறை பார்த்தான் என்று கணக்கில்லை. கார் போன பிறகும் அந்தப் பனி மெதுவாகக் கலைவதுவரை பார்த்துக்கொண்டிருப்பான்.

அதற்கு, இன்ஜின் பின்சக்கரங்களைச் சுழற்றுகிற கார் வேண்டும். நாங்கள் தேடியலைந்து கண்டுபிடித்தது ஒரு பழைய கான்டசா கார். திருப்பதியில் முனிரத்தினம் என்பவருடைய லாட்ஜின் கீழ்த்தளத்தில், ஜெனரேட்டருக்குப் பின்னால், ஒன்பது வருடமாகத் தூசியில் கிடந்தது. ஒரு காலத்தில் ரேணிகுண்டா விமான நிலையத்திலிருந்து பெரிய மனிதர்களை அழைத்துவந்த கார். புதுக் கம்பெனிகளின் கார்கள் வந்ததும் அதில் ஏற ஆளில்லாமல் போயிற்று. முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த நாமத்தைக் காட்டி, "அத்த மட்டும் சொரண்டிடாதீங்கப்பா" என்றார் முனிரத்தினம். கடைசிவரை நாங்கள் அதைச் சுரண்டவில்லை.

மற்ற எல்லாவற்றையும் மாற்றினோம். உள்ளே இருந்த சீட்டுகளைக் கழற்றிவிட்டு ஓட்டுபவனுக்கு மட்டும் ஒன்று வைத்தோம். புத்தூரில் ஜன்னலுக்குக் கம்பி அடிக்கும் பட்டறையில், கார் உருண்டாலும் ஆள் நசுங்காமலிருக்கக் குழாய்களை வளைத்து உள்ளே கூண்டு கட்டினோம். முன்சக்கரங்கள் இன்னும் அதிகமாகத் திரும்புவதற்காக ஸ்டியரிங் தண்டுகளை வெட்டி ஒட்டினோம். சென்னை புதுப்பேட்டையிலிருந்து டர்போ வைத்த பழைய இன்ஜின் ஒன்று வந்தது. பின்சக்கரங்கள் இரண்டும் எப்போதும் ஒன்றாகவே சுழல வேண்டும் என்று டிஃபரன்ஷியலுக்குள் இருந்த பற்சக்கரங்களை வெல்டிங் வைத்து ஒரே கட்டியாக்கினோம். அதற்குப் பிறகு அந்தக் கார் சாதாரணத் தெருவில் திரும்பினால் டயர்கள் கத்தின. இனி அது சாலையில் ஓட லாயக்கில்லை, டிரிஃப்டுக்கு மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்ரீ சிட்டியின் ஓரத்தில் பழகினோம். தொழிற்சாலைகள் வரும் என்று சாலைகளை முதலில் போட்டுவைத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் முள்செடி, நடுவில் எங்கும் போகாத அகலமான சாலை. சிவசங்கரி வேப்பமர நிழலில் புளிச்சோற்றுத் தூக்கோடு உட்கார்ந்திருப்பாள். "துன்னுட்டுப் போய் அந்த டயரக் கொளுத்துங்க" என்பாள். அண்ணன் ஒரு திருப்பத்தைச் சரியாக முடித்துவிட்டால் மட்டும் எழுந்து நிற்பாள்.

2016 பிப்ரவரியில் எங்கள் யார்டுக்குப் பக்கத்திலிருந்த காலி கன்டெய்னர் மைதானத்தில் ஒரு டிரிஃப்ட் போட்டி நடக்கப்போவதாகத் தெரிந்தது. பெங்களூர், புனே, கொச்சி, சென்னையிலிருந்து பதினாறு கார்கள். முதல் இரண்டு இடங்களைப் பிடிக்கிறவர்களை மலேசியாவில் ஒரு குழு தன்னோடு சேர்த்துக்கொள்ளும். ஒரு வருடம் அங்கேயே தங்கிப் பயிற்சி, பிறகு போட்டிகள். ஒரே நிபந்தனை, வயது முப்பதுக்குள் இருக்க வேண்டும். சிரஞ்சீவிக்கு அந்த ஆகஸ்டில் முப்பது முடிகிறது.

"இதான் மச்சான், ஒரே வாட்டி" என்றான். அடுத்த வாரமே பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டான்.

போட்டி நடத்துபவர்கள் சுற்றியிருந்த கம்பெனிகளில் மார்ஷல் வேலைக்கு, அதாவது ஓடுதளத்தின் ஓரம் நின்று கண்காணிக்க, ஆள் கேட்டார்கள். கீறல் பார்க்கிறவன் என்பதால் என்னை முக்கியமான ஓர் இடத்தில் போட்டார்கள். பெரிய திருப்பத்தின் வெளிவிளிம்பில் ஒரு முழ அகலத்துக்கு மஞ்சள் பட்டை தீட்டியிருந்தது. காரின் பின்சக்கரம் அந்தப் பட்டையை ஒட்டிப் போனால் நிறைய மதிப்பெண். பட்டையின் மேல் போனாலும் சரிதான். முழுச் சக்கரமும் பட்டையைத் தாண்டி வெளியே போய்விட்டால் அந்த ஓட்டத்துக்கு மதிப்பெண் சுழி. நடுவர்களின் கோபுரம் தூரத்தில் இருந்தது. டயர் புகையில் அவர்களுக்கு விளிம்பு தெரியாது. அதனால் அங்கே நிற்கும் மார்ஷல் சிவப்புக் கொடியைத் தூக்கினால் தூக்கியதுதான். அந்தக் கொடி என் கையில் இருந்தது.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தை மாதத்தில் ஊரில் மாடு விடுவார்கள். தெருவில் ஓடிவரும் மாடு எல்லைக் கோட்டைத் தாண்டும்போது ஒருவர் கொடியை இறக்குவார். அவர் இறக்கியதுதான் அந்த மாடு ஓடிய நேரம்; குறைந்த நேரத்தில் ஓடிய மாட்டுக்குப் பரிசு. நான் பிறப்பதற்கு முன்பு ஒரு வருடம் கொடி பிடித்தவர் என் அப்பா பாலையா; நைனா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். அவருடைய சொந்த அண்ணனின் மாடு வந்தபோது, அது கோட்டுக்கு வருமுன்பே கொடியை இறக்கிவிட்டார் என்று பேச்சு கிளம்பியது. அடிதடியாகி, இரண்டு தெருக்கள் பதினோரு வருடம் பேசிக்கொள்ளவில்லை. மறுபடி பேசத் தொடங்கியபோது ஒரு வழக்கம் ஏற்படுத்தினார்கள். கொடி பிடிக்கிறவனுடைய சொந்தக்காரர் மாடு வந்தால், கொடியை வெளியூர்க்காரர் கையில் கொடுத்துவிட வேண்டும். கொடுத்துவிட்டுப் பதினோரு அடி தள்ளிப்போய் நிற்க வேண்டும், வருடத்துக்கு ஓர் அடி. அந்த மாட்டைப் பற்றி அப்போதும் பேசக் கூடாது, அப்புறமும் பேசக் கூடாது. நைனா சாகும்வரை அந்தப் பதினோரு அடியைத் தன் பெயருக்கு எழுதிய தண்டனைபோலவே நினைத்திருந்தார். மாடு விடும் நாளில் வீட்டைவிட்டு வெளியே வர மாட்டார்.

போட்டி நடத்தியவர்கள் யாருக்கு யார் உறவு என்று கேட்கவில்லை. நானாகத்தான் முடிவு செய்தேன்.

"உன் காரு வர்றப்போ நான் கொடிய வேற ஆளாண்ட குடுத்துருவேன்" என்று சிரஞ்சீவியிடம் சொன்னேன்.

அவன் சிரித்தான். "இது இன்னா மாடா மச்சான்?"

"நாளைக்கு எவனும் ஒரு வார்த்த சொல்லக் கூடாது இல்ல. உனக்காகத்தான்."

"சரி, உன் இஷ்டம்" என்றான். சிரிப்பு போய்விட்டது. அவனும் அதே ஊர்தானே.

பக்கத்து இடத்தில் மார்ஷலாக இருந்தவர் சிட்டிபாபு. சூளூர்பேட்டைக்காரர், ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி. தடித்த மூக்குக்கண்ணாடி போட்ட, நிதானமான மனிதர். நான் கேட்டதும் ஒப்புக்கொண்டார்.

முதல் நாள் காலையில் எங்கள் கான்டசா வரிசையில் வந்து நின்றபோது பெங்களூர் குழுவில் ஒருவன் கண்ணாடியிலிருந்த நாமத்தைப் பார்த்துவிட்டு, "கோவிந்தா வண்டி வந்துடுச்சு, வழி விடுங்கப்பா" என்றான். இன்னொருவன், "பின்னாடி பேண்டு வாத்தியம் வருதா?" என்றான். சுற்றிலும் ஜப்பானிலிருந்து வந்த தாழ்ந்த கார்கள், பளபளக்கும் ஸ்டிக்கர்கள். சிரஞ்சீவி ஹெல்மெட்டை மாட்டியபடியே, "பேண்டு உங்களுக்குத்தான் சார், அப்பால வரும்" என்றான்.

அன்று அவன் நான்காவதாக வந்தான். அந்தக் கனத்த பழைய உடம்பு புகைக்குள் பக்கவாட்டில் மிதந்து போனதைப் பார்த்த பிறகு யாரும் பேண்டு வாத்தியம் பற்றிப் பேசவில்லை. அவனுடைய இரண்டு ஓட்டங்களுக்கும் நான் கொடியைச் சிட்டிபாபுவிடம் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றேன். எந்தக் குழப்பமும் இல்லை. கொடி தூக்கும்படி எதுவும் நடக்கவில்லை.

மறுநாள் பிற்பகலில் நான்கு பேருக்கு இறுதிச் சுற்று. ஆளுக்கு இரண்டு ஓட்டம், அதில் சிறந்தது மட்டும் கணக்கு. சிவசங்கரியும் என் மாமியார் கமலம்மாவும் தகரக் கொட்டகைக் காலரியில் இருந்தார்கள். சிரஞ்சீவியின் முதல் ஓட்டத்தில் கார் முதல் திருப்பத்திலேயே ஒரு சுற்று சுழன்று நின்றுவிட்டது. அவசரப்பட்டிருந்தான். சுழி. இனி ஒரே ஓட்டம்தான் மிச்சம்.

நான் செய்த பிழை அதற்கும் அவனுடைய இரண்டாம் ஓட்டத்துக்கும் நடுவில் இருக்கிறது.

அந்தப் பக்கத்தில் காலையில் காற்று மேற்கிலிருந்து வரும். மூன்று மணி வாக்கில் ஒரு கணம் அசையாமல் நிற்கும். பிறகு பழவேற்காடு ஏரியின் மேலிருந்து உப்பு வாடையோடு கிழக்குக் காற்று வரும். யார்டில் ஏழு வருடம் நின்றவனுக்கு அது கடிகாரம் மாதிரி. அன்று மூன்று மணிவரை நான் பட்டைக்கு மேற்கே நின்றேன், புகை என்னை விட்டு விலகிப் போயிற்று. மூன்று மணிக்குக் காற்று மாறியதும் நடந்து கிழக்குப் பக்கம் வந்துவிட்டேன். கொச்சிக்காரனின் ஓட்டத்தையும் புனேக்காரனின் ஓட்டத்தையும் அங்கிருந்துதான் பார்த்தேன். நான் இடம் மாறியதை யாரும் கவனிக்கவில்லை.

மூன்றரை மணி ஆகும்முன் சிட்டிபாபு வந்து கொடியை வாங்கிக்கொண்டார். வாங்கியவர் நேற்று நின்ற அதே இடத்துக்கு, மேற்குப் பக்கத்துக்கு, நிதானமாக நடந்துபோனார்.

அங்கே நிற்காதீர்கள், புகை முழுவதும் உங்கள் முகத்தில்தான் அடிக்கும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஒரு வரிதான். ஆனால் கொடி கைமாறிவிட்டது. இனி நான் சொல்லும் எதுவும் சொந்தக்காரனுக்காகச் சொல்வது. நான் நைனாவை நினைத்துக்கொண்டேன். வாயை மூடிக்கொண்டு எண்ண ஆரம்பித்தேன். பதினோரு அடி கிழக்கே போய் நின்றேன். அது அந்த மைதானத்திலேயே பட்டை மிகத் தெளிவாகத் தெரியும் இடமாக இருந்தது.

கான்டசா வந்தது. தூரத்தில் அதன் சத்தம் முதலில் கேட்டது, பிறகு அதன் மூக்கு தெரிந்தது, பிறகு மூக்கு விலகி அதன் பக்கவாட்டு முழுவதும் என்னை நோக்கித் திறந்தது. சிரஞ்சீவியின் முகம் பக்கத்து ஜன்னல் வழியாகத் தான் போகும் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்படி அமைதியான முகத்தை நான் அவனிடம் அதற்கு முன் பார்த்ததில்லை. தூக்கத்தில் நடப்பவனின் முகம். புகை வெள்ளைச் சுவர்போல எழுந்து மேற்கே சாய்ந்து, சிட்டிபாபுவை மூடியது. என் பக்கம் வெட்டவெளி. பின்சக்கரம் மஞ்சள் பட்டைக்கு வந்தது. பட்டையின் மேல் ஏறியது. டயரின் பாதி பட்டையில், பாதி பட்டைக்கு உள்ளே, அப்படியே பட்டையின் முழு நீளத்துக்கும் கறுப்பாக ஒரு கோடு இழுத்துக்கொண்டு போயிற்று. என் தொழிலில் லட்சம் கார்களைப் பார்த்தவன் நான். ஒரு விரல் அளவுகூட அது வெளியே போகவில்லை.

புகைக்குள்ளிருந்து சிவப்புக் கொடி மேலே வந்தது.

காலரியில் முதலில் கைதட்டல் எழுந்து, பாதியில் நின்றது. கார் தூரத்தில் போய் நின்றது. ஒலிபெருக்கியில் சுழி என்றார்கள். ஓட்டுநரோ அந்த இடத்து மார்ஷலோ விரும்பினால் அரை மணி நேரத்துக்குள், அதாவது நான்கு மணிக்குள், மறுபார்வை கேட்கலாம், நடுவர்கள் இறங்கிவந்து தடத்தைப் பார்ப்பார்கள் என்றும் சொன்னார்கள். எல்லா முறையும் சொல்வதுதான்.

சிட்டிபாபு இருமியபடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தார். "பொகையில சரியா தெரீல பவன். வண்டி ரொம்ப வெளிய வந்தா மாதிரி இருந்துச்சு. போயிடுச்சு கதா, போயிடுச்சு இல்ல?"

அவர் நேர்மையாகத்தான் கேட்டார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என் மௌனத்தை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு, "அய்யோ பாவம்" என்று கொடியை என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

பிறகு சிரஞ்சீவி நடந்து வந்தான். ஹெல்மெட் கையில் இருந்தது. தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது.

"வெளிய போச்சா மச்சான்?"

கறுப்புத் தடம் எனக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் இருந்தது. நான் நகர்ந்து நின்றிருந்தால் அவனே பார்த்திருப்பான். "நான் கொடியக் குடுத்துட்டேன்" என்றேன்.

அவன் என்னையே பார்த்தான். "ஆமா. குடுத்துட்ட" என்றான். திரும்பிப் போய்க் காரின் கதவோரம், தரையில், காலை நீட்டி உட்கார்ந்தான்.

சிவசங்கரி கயிற்றைத் தாண்டி வந்துவிட்டாள். பின்னால் கமலம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கி வந்தார். சிவசங்கரி போனில் எடுத்திருந்த படத்தை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். அதில் வெள்ளைப் புகையைத் தவிர ஒன்றுமில்லை.

"நீ இந்தாண்டதான நின்னுக்கினு இருந்த மாமா. போச்சா, போவலியா?"

"நான் பேசக் கூடாது சங்கரி. கொடி எங்கிட்ட இல்ல அப்போ."

"இப்போ கீதே."

"அது வழக்கம் இல்ல."

"இங்க மாடு எங்க கீது மாமா?" அவள் குரல் உயரவில்லை. "கொடியத்தான குடுத்த. கண்ணயும் சேத்தா குடுத்த?"

கமலம்மா அவள் தோளைப் பிடித்து, "வாடி, மாப்ள மேல கத்தாத, எல்லாம் பாக்குறாங்க" என்றார். மருமகனைக் கேட்கக் கூடாது என்று அவருக்கு ஒரு வழக்கம்.

அவர்கள் போன பிறகும் நான் அங்கேயே நின்றேன். மணி மூன்று ஐம்பத்திரண்டு. தடத்தைப் பார்த்தேன். இவ்வளவு தெளிவான ஒன்றைப் பார்த்துக்கொண்டு ஒருவன் ஊமையாக நிற்க முடியும் என்பதே எனக்கு வியப்பாக இருந்தது. நான் சொன்னால் சொந்தக்காரன் சொன்னான் என்பார்கள். சொல்லட்டுமே, தடம் இருக்கிறதே. தடத்துக்குச் சொந்தம் ஏது? இந்த எண்ணம் எனக்கு வருவதற்கு எட்டு நிமிடம் ஆயிற்று.

கட்டுப்பாட்டுக் கூடாரம் மைதானத்தின் மறுமுனையில் இருந்தது. பாதி தூரம் நடந்தேன், மீதியை ஓடினேன். மேசைக்குப் பின்னால் ஒரு சென்னைப் பெண் பட்டியலோடு உட்கார்ந்திருந்தாள்.

"பெரிய திருப்பம். கான்டசா. சக்கரம் உள்ளதான் இருந்துச்சு. தடம் இருக்குது, வந்து பாருங்க" என்றேன். மூச்சு வாங்கியது.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். "நாலு மணி ரெண்டு நிமிஷம் ஆயிடுச்சு. முடிவு ஏத்தியாச்சே." என் மார்ஷல் சட்டையைப் பார்த்தாள். "நீங்க அந்த இடத்து மார்ஷல்தானே? பார்த்தப்பவே ஏன் சொல்லலை?"

பதினோரு வருடத்தை, நைனாவை, ஒரு மாட்டை, அவளுக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்வது என்று தெரியவில்லை. நான் திரும்பி வந்தபோது தண்ணீர் லாரி பெரிய திருப்பத்தைக் கழுவிக்கொண்டிருந்தது. பரிசளிப்புக்கு அங்கேதான் மேடை போடுகிறார்களாம்.

கொச்சிக்காரனும் புனேக்காரனும் மலேசியா போனார்கள். எங்கள் கான்டசாவை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போனோம். நாகலாபுரம் தாண்டியதும் சிரஞ்சீவி, "பசிக்குது, எங்கனா நிறுத்து" என்றான். அவ்வளவுதான். அவனுடைய வீட்டுக்குப் பின்னால், தார்ப்பாயின் கீழ், கான்டசா இப்போதும் நிற்கிறது. சாலையில் ஓடாத கார். விற்கவும் முடியாது. பாஸ்போர்ட் ஏப்ரலில் வந்தது. போலீஸ் விசாரணைக்கு வந்தவருக்கு அவனே டீ வாங்கிக் கொடுத்ததாகச் சிவசங்கரி சொன்னாள். ஆகஸ்டில் அவனுக்கு முப்பது முடிந்தது.

செப்டம்பரில் ஒரு நாள் யார்டு கேன்டீனில் அவனுக்கு எதிரில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். அப்படிச் சொல்ல வேண்டுமென்று எத்தனையோ நாள் பஸ்ஸில் ஒத்திகை பார்த்திருந்தேன். கடைசியில் சாம்பார் வாளி எங்களைக் கடந்து போகும்போது வந்துவிட்டது.

"அன்னிக்கு வீலு கோட்டு மேலதான் இருந்துச்சு. வெளிய போவல."

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "தெரியும்."

"எப்படி?"

"பெயின்ட்டு மேல டயரு ஏறுனா சத்தம் மாறும் மச்சான். கான்கிரீட்டு மேல ஒரு மாதிரி, பெயின்ட்டு மேல ஒரு மாதிரி. கடசிவரிக்கும் பெயின்ட்டு சத்தம் கேட்டுக்கினே வந்துச்சு."

"அப்போ நீ போய்க் கேட்டிருக்கலாமே. டிரைவரு கேக்கலாம்னு சொன்னாங்களே."

"கேட்டா உன்ன கூப்புடுவாங்க. நீ பாத்தியான்னு கேப்பாங்க. நீ வாயத் தொறக்க மாட்ட." ஒரு வாய் சாப்பிட்டான். "பாலையா பெரியப்பா மாதிரி உன்னயும் நடுவுல நிக்க வெக்கணுமான்னு வுட்டுட்டேன்."

என் தட்டில் சோறு அப்படியே இருந்தது.

"ஆனா நீயா சொல்லுவேன்னு நெனச்சேன்" என்றான். "அர மணி நேரம், ஹெல்மெட்ட கையில வச்சிக்கினு, உன்னியே பாத்துக்கினு குந்திக்கினு இருந்தேன். நீ அந்தாண்ட திரும்பி நின்னுக்கினு தரையப் பாத்துக்கினு இருந்த." அவன் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான். "சரி வுடு. சாம்பார் ஆறிப்போச்சு பாரு."

அக்டோபரில் மழை தொடங்கியது. முதல் நாள் மழையில் நான் டிரெய்லருக்குப் பக்கத்தில், தகரக் கூரையின் கீழ், சோதனைச் சீட்டோடு நின்றிருந்தேன். கான்கிரீட் முழுவதும் வானம் கிடந்தது. வரிசையிலிருந்து ஒரு வெள்ளைக் கார் புறப்பட்டு வந்தது. ஓட்டுவது அவன் என்று தூரத்திலேயே தெரிந்தது. கடைசித் திருப்பத்துக்கு அது வந்தபோது நான் கூரையை விட்டு வெளியே வந்து, எங்கே நின்றால் நன்றாகத் தெரியுமோ அங்கே போய் நின்றேன்.

கார் திருப்பத்தில் நுழைந்தது. இருபது கிலோமீட்டர் வேகம். சக்கரங்கள் தண்ணீரில் இரண்டு நேர்த்தியான கோடுகளை வரைந்தன. அது வளைவை வளைவாகவே கடந்து, எனக்கு முன்னால் வந்து நின்றது.

கண்ணாடி இறங்கியது.

"இன்னா மச்சான், கைப்பிரேக்கு இழுக்கலியா?" என்றேன். சிரித்துக்கொண்டுதான் கேட்டேன்.

"தர வழுக்குது" என்றான் அவன். "பாத்து வரணும் இல்ல." சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த காரை எடுக்க மழையில் திரும்பி நடந்தான்.